அகஸ்டினா வாசல் வாசலாகக் கேட்டது

தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் லயத்து வரிசை வீடுகளில் அகஸ்டினாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கொழுந்து நிறுக்கும்போது தராசு கொஞ்சம் சாய்ந்தாலும் மடுவக் கொட்டகையே அதிரக் கேட்டுவிடுவாள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்குக் கட்டிய வெள்ளைச் சேலைகூட மாற்றாமல், வாசல் வாசலாகப் போய்க் கெஞ்சினாள்.

"நாளையிலேருந்து எங்க ஜெஸ்டினுக்கு யாரும் ஒத்தாச பண்ணாதீங்க. கையப் புடிக்காதீங்க, வழி காட்டாதீங்க. அவனாக் கேட்டா மட்டும் சொல்லுங்க."

மகனுக்குப் பதினெட்டு வயது. ஓட்டிசம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சின்ன வயதிலேயே சொல்லியிருந்தார்கள். பேச்சு குறைவு. ஹோர்ன் அடித்தால் காதைப் பொத்திக்கொள்வான். வழக்கமாக நடப்பதில் ஒன்று மாறினாலும் நின்ற இடத்திலேயே நின்றுவிடுவான். ஆனால் லயத்தில் அவனுக்கு ஒரு குறையும் இருக்கவில்லை, அதுதான் குறை. ஒரு வீட்டில் இருமினால் மறு வீட்டில் சுக்குத் தட்டுகிற இடம் அது. ஒருத்தி சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவாள், ஒருத்தி சோற்றைப் பிசைந்து கையில் கொடுப்பாள். மீசை முளைத்த பிறகும் அவன் கை யாரோ ஒருவர் கைக்குள்தான் இருந்தது. இதில் முதல் குற்றவாளி அகஸ்டினாவேதான்.

அவள் கண்ணைத் திறந்து வைத்தவள் பதுளை டவுனில் லொட்ஜுகளுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கும் ஸித்தி ஸுபைதா. ஒரு வாரம் ஜெஸ்டினை வைத்துப் பார்த்தாள். படுக்கை விரிப்புகளை ஓரத்தோடு ஓரம் சேர்த்து மடிக்கிற வேலை அவனுக்குப் பிடித்துப்போயிற்று, அவனையும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் ஸுபைதா பூசி மெழுகத் தெரியாத மனுசி.

"வேலைக்கு நான் எடுக்கிறேன். தாய் கையப் புடிச்சிக்கிட்டு வந்தா மட்டும் சரிவராது. அவர் தனியா வரணும், தனியாப் போகணும்."

நமக்குப் பிறகு இவனுக்கு யார் என்ற கேள்வி அகஸ்டினாவின் தூக்கத்தை வருசக்கணக்காகத் தின்றுகொண்டிருந்தது. அதற்குப் பதில் ஸுபைதாவின் கடையில் இருக்கிறது என்றால், விடுவாளா? லீவு நாளெல்லாம் குடும்பமே பஸ்ஸில் ஏறியது. முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். பிறகு அப்பா தேவதாசன் இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்தார், பிறகு கடைசி சீட்டில், கம்பளித் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு. பெரிய துப்பறியும் ஆள் என்ற நினைப்பு அவருக்கு. ஜெஸ்டினுக்கு எல்லாம் தெரியும், பாவம், அப்பாவுக்காகத் திரும்பிப் பார்க்காமல் இருந்தான். அக்கா நிலக்ஷனா போனைப் பழக்கினாள். போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் கட், அவ்வளவுதான், பேச வேண்டியதில்லை.

எல்லாம் சரி, லயத்தின் பாசம் மட்டும்தான் மிச்சம். அதையும் ஒதுங்கச் சொல்லத்தான் அகஸ்டினா வாசல் வாசலாகப் போனாள், எதற்கு என்று மட்டும் விளக்காமல். அங்கேதான் அவள் கணக்குத் தப்பியது. லயத்தில் 'எம்புள்ளையத் தொடாத' என்றால் அதற்கு ஒரே அர்த்தம், சண்டை. அன்று சாயந்தரமே எல்லா முகமும் வீங்கிவிட்டது. அதிலும் அடுத்த வீட்டு அங்கம்மா. அகஸ்டினா கொழுந்தெடுக்க மலைக்குப் போன காலத்தில் ஜெஸ்டினைத் தூக்கி வளர்த்தவள், அவனுக்குப் பெரியம்மா. ஈஸ்டருக்கு அகஸ்டினா கேக் வைத்துக் கொடுத்த கிண்ணத்தை அவள் கழுவித் திருப்பி அனுப்பினாள், வெறுங்கிண்ணமாக. வாங்கிய பாத்திரத்தில் ஒரு பிடி சீனியாவது போடாமல் திருப்புகிற பழக்கம் அந்த லயத்தில் கிடையாது. வெறுங்கிண்ணம் வந்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம்.

அவ்வளவு வாய்க்காரியும் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து ஓவென்று அழுதாள். ஆனாலும் சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தில், பேர் கொடுத்ததும் ரோட்டுக்கு மேலே இருக்கிற மலைதான் கொழுந்தெடுக்கக் கிடைத்தது. விதியைப் பாருங்கள், அடுத்த நிரையில் அங்கம்மா. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கொழுந்து கிள்ளினார்கள். கீழே பஸ் போனது. யன்னலில் ஜெஸ்டினின் சிவப்புத் தொப்பி தெரிந்தது. அகஸ்டினா மனசுக்குள் அருள் நிறைந்த மரியே சொல்லத் தொடங்கினாள்.

பாதி செபத்தில் பஸ் நின்றுவிட்டது. ராத்திரி பெய்த மழையில் வளைவில் மண் சரிந்து கிடந்தது. ஆட்கள் இறங்கி, சேற்றைத் தாண்டி, அந்தப் பக்கம் நின்ற இன்னொரு பஸ்ஸுக்கு நடந்தார்கள். சிவப்புத் தொப்பி மட்டும் இறங்கிய இடத்திலேயே நின்றது. எத்தனையோ பழக்கினார்கள், இதைப் பழக்கவில்லை. இன்றைக்கு அவன் திரும்பி வந்தால் இனி எந்தக் காலத்திலும் தனியாக ஏறமாட்டான் என்று பெற்றவளுக்குத் தெரியும்.

அகஸ்டினா கூடையைக் கழற்றினாள். குறுக்குப்பாதையில் விழுந்தடித்து ஓடினால் பிடித்துவிடலாம். ஓட அடியெடுத்து வைத்தவளின் கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள்.

"எங்க போற?" என்றாள் அங்கம்மா.

"விடுங்கக்கா, அவன் நிக்கிறான்."

"நிக்கட்டும். ஊருக்கெல்லாம் சட்டம் சொன்னியே, அது ஒனக்கில்லையா?" அங்கம்மா பிடியை இன்னும் இறுக்கினாள். "பத்து மாசம் நீ வயித்துல சொமந்த. அதுக்கப்புறம் இடுப்புல சொமந்தது நானு. எனக்கு மட்டும் ஓடணும்னு இல்லையா?"

பிடித்த கையை அவள் விடவில்லை, அகஸ்டினாவும் இழுக்கவில்லை. கீழே பஸ் ஹோர்ன் அடித்தது. ஜெஸ்டின் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தான்.

பிறகு அவன் கைகளை இறக்கினான். திரும்பி நடந்து, வந்த பஸ்ஸின் கண்டக்டர் அர்ஷாத் நின்ற இடத்துக்குப் போனான். என்ன பேச்சு நடந்ததோ, மலைக்குக் கேட்கவில்லை. அர்ஷாத் அந்தப் பக்கத்துப் பஸ்ஸைக் கைகாட்டியது மட்டும் தெரிந்தது. ஜெஸ்டின் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்துச் சேற்றைத் தாண்டினான், ஏறினான். பஸ் பனிமூட்டத்துக்குள் போய் மறைந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் கிள்ளியது கொழுந்தா முத்தலா என்று யாருக்குத் தெரியும்? கங்காணி கத்தினார், காதில் விழவில்லை. வெயில் ஏறிய நேரத்தில் அகஸ்டினாவின் சட்டைக்குள் இருந்த போன் ஒருமுறை அடித்து நின்றது.

அவள் போட்ட கூச்சலில் குளவி கலைந்துவிட்டதென்று நினைத்து நாலு பேர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்கள். கங்காணிதான் முதல் ஆள். அங்கம்மா ஓடவில்லை. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள்.

"இதுக்குத்தான்னு வெளங்கச் சொல்லியிருக்கக் கூடாதா? இம்புட்டு வாய வச்சிக்கிட்டு."

சாயந்தரம் அடுத்த வீட்டிலிருந்து ஆள் வந்து அந்தக் கிண்ணத்தைக் கேட்டு வாங்கிப்போனது. திரும்பி வந்தபோது அதில் விளிம்புவரை பாயசம் இருந்தது. ஜெஸ்டின் சேறு காய்ந்த காலோடு வந்து அதைத் தானே ஊற்றிக் குடித்தான். என்னடா கேட்டாய் அர்ஷாத்திடம் என்று தேவதாசன் கேட்டார்.

"பதுளைக்கு எந்த பஸ்னு கேட்டேன்."

லயத்துக்கு வெளியே ஓர் ஆளிடம் அவன் வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது. தேவதாசன் முகத்தைக் கழுவப் போகிறவர்போல் வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் மகன் புறப்பட்டபோது அகஸ்டினா குடையை எடுத்தாள். பஸ் ஏறுகிற இடம்வரைக்கும்தானே, மழை வேறு தூறுகிறது, அதிலென்ன வந்துவிடப் போகிறது? ஜெஸ்டின் வாசலில் நின்று, குடையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டான்.

"நீ வராதம்மா. பெரட்டுக்குப் போ."

சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மா சிரிப்பது கேட்டது. அகஸ்டினாவுக்கு நெஞ்சு ஒரு பக்கம் வலித்தது, ஒரு பக்கம் நிறைந்தது. ஊரெல்லாம் கெஞ்சிக் கேட்டதை மகன் இப்போது அவளிடம் கேட்கிறான். குடை வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கூடையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அன்றைக்குப் பெரட்டில் முதல் ஆளாக நின்றது அவள்தான்.