வெள்ளை டேப் அக்கா

மேசைக்கடியிலிருந்து இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால் அது அக்காதான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அந்தப் பாதங்களோடுதான் பேசுவார்கள். "அக்கா, பிரிண்டர் சண்டித்தனம் பண்ணுது" என்று நர்ஸ் சொன்னால் உள்ளேயிருந்து குரல் வரும்: "அஞ்சு நிமிஷம் அதுக்கு முகம் குடுத்துப் பேசாம இரு, வந்துடறேன்."

தொண்டை ஆபரேஷன் முடிந்து என் மாமா பன்னிரண்டாம் அறையில் படுத்திருந்தார். துணைக்கு நான். பத்து நாளைக்கு அவர் வாயைத் திறக்கக் கூடாது; கையில் ஒரு அழைப்பு மணி. அமுக்கினால் நர்ஸ் மேசையில் விளக்கு எரியும். தூக்கத்தில்கூடப் பேசுகிற மனிதருக்கு வந்த சோதனையைப் பாருங்கள். அவர் கண்ணயரும்போதெல்லாம் வராந்தாவுக்கு வந்து அக்காவை வேடிக்கை பார்ப்பேன்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அந்த ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவரும் ஒரு ஏணியும்தான். காதில் பேனா, மணிக்கட்டில் வளையலுக்குப் பதில் வெள்ளை டேப் உருளை. எந்த ஒயரைக் கண்டாலும் டேப்பைப் பல்லால் கிழித்து, அது எங்கே போகிறதென்று எழுதி, மை காய ஊதி, கட்டைவிரலால் அழுத்தி ஒட்டுவார். 'மருந்தகம். தொடாதே.' 'எக்ஸ்ரே. கோபக்காரர்.' கோபக்காரர் ஒயரா, டாக்டரா என்று கேட்டேன். "ரெண்டும்தான்" என்றார்.

வராந்தாக் கோடியில், முன்பு அழுக்குத் துணி போட்டு வைத்த அறையில் இருந்தது பழைய சர்வர். வயது பதினாறு. ஒரு ரிப்போர்ட்டைத் திறக்க அது எடுத்துக்கொள்ளும் நேரத்தில் டாக்டர் டீ குடித்துவிட்டே வந்துவிடலாம். ஆறு வருஷம் நச்சரித்து, அக்கா ஒருவழியாகப் புதுசு வாங்க வைத்துவிட்டார். ஞாயிறு காலை பத்து மணிக்கு இயக்குநர் வந்து திறந்து வைக்க வேண்டும். அதற்குள் ஒயர்களையெல்லாம் புதுசுக்கு மாற்றிப் பழையதைக் கழற்றிவிட வேண்டும்.

அன்று ஒன்பது மணிக்கெல்லாம் வேலை முடிந்துவிட்டது, ஒரே ஒரு நீல ஒயரைத் தவிர. அதில் டேப் இல்லை. எங்கே போகிறதென்று அக்காவுக்கே தெரியவில்லை. புதுசைப் பொருத்த வந்திருந்த கம்பெனி இன்ஜினியர் சிரித்தார்.

"புடுங்கிப் பாப்போம் மேடம். தேவைன்னா யாராவது கத்துவாங்க. எல்லா ஆபீஸ்லயும் இப்படித்தான் பண்றது."

"ஆபீஸ்ல சரி சார். இங்க கத்த முடியாதவங்களும் படுத்திருக்காங்க."

சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். பிடித்துக்கொள்ள நான் போனேன். எனக்கென்ன வேறு வேலை? கூரைப் பலகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஒயரை விரலால் தடவிக்கொண்டே நகர்ந்தார். அது சமையலறைக்கு மேலே போய், ஸ்டோர் ரூமைச் சுற்றிவிட்டு, மறுபடி எங்கள் வராந்தாவுக்கே வந்தது. "எந்த மகராசன் இழுத்தானோ, தலையச் சுத்தி மூக்கத் தொட்டிருக்கான்" என்றார் மேலேயிருந்து. பத்து அடித்தது. பின்னாலேயே வந்த இன்ஜினியர் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

பத்தே காலுக்கு ஏணி பன்னிரண்டாம் அறைக்குள் நின்றது. ஒயர் சுவரோடு இறங்கி, என் மாமாவின் மணியில் முடிந்தது.

அன்று காலைதான், நான் பல் தேய்க்கப் போன நேரம் பார்த்து மாமாவுக்கு மூச்சு அடைத்திருந்தது. இந்த மணியை அமுக்கித்தான் நர்ஸை வரவழைத்தார். இன்னொரு முறை அப்படி ஆகி, நானும் பக்கத்தில் இல்லாமல், மணியும் செத்துப்போயிருந்தால்? இன்ஜினியரின் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா ஏணியிலிருந்து இறங்கினார். "சார், உங்க கையாலயே புதுசுல மாட்டிடுங்க" என்றார். மனிதர் ஓடினார். கொஞ்ச நேரத்தில் வராந்தாக் கோடியிலிருந்து "மாட்டியாச்சு" என்று குரல் வந்தது.

"ஐயா, அமுக்குங்க."

மாமா அமுக்கினார். நர்ஸ் கதவில் தலையை நீட்டி, "என்ன வேணும்?" என்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக மாமா சிரித்தார். அக்கா டேப்பைக் கிழித்து, 'பன்னிரண்டாம் அறை ஐயா. பேசுகிறார்' என்று எழுதி, ஊதி, ஒட்டினார்.

அப்போது அவர் போன் அடித்தது. திரையில் இயக்குநர். திறப்பு விழாவுக்குக் கீழே ஒரு கூட்டமே காத்திருந்தது. அக்கா போனைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார்.

"இன்னொரு தடவ அமுக்குங்க ஐயா."