பூதம் வராத இடம்

எங்கள் வீட்டில் வெட்டியாக இருப்பவர் என்று பெயர் வாங்கியவர் சித்தப்பா ஒருவர்தான். நைனாவுக்குச் செஞ்சி கடைத்தெருவில் பாத்திரக்கடை. சித்தப்பாவோ சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, மாடி அறையில் லேப்டாப்பும் கையுமாக இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தார். தன்னந்தனியாக ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டைச் செய்துகொண்டிருந்தார். கோட்டைக்கு அடியில் ஒரு குளம். அதில் தூண்டில் போட்டு மீன் பிடித்துக் கோட்டைக்குள் இருப்பவர்களின் வயிற்றை நிரப்ப வேண்டும். பெரிய மீனாகப் பிடித்தால் தண்ணீரிலிருந்து பூதம் எழுந்து வரும். தூண்டில் கழியாலேயே அதோடு சண்டை போட வேண்டும். இருந்ததிலேயே பெரிய பூதத்துக்கு நைனாவின் மீசையை வைத்திருந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

நைனா கெடு வைத்தார். "தை பொறக்கறதுக்குள்ள அது எதனா ஆச்சின்னா சரி. இல்லன்னா ஒழுங்கா வந்து கடைல ஒக்காரு." கடை என்றாலே சித்தப்பாவின் முகம் சுண்டிவிடும்.

நான் அப்போது ஐந்தாவது படித்தேன். பள்ளிக்கூடம் விட்டதும் மாடிக்கு ஓடி அதை விளையாடிப் பார்ப்பது என் வேலை. அவருக்கு வேறு ஆள் கிடையாது. "எங்கனா சிக்கிக்கினாலோ, பூதம் வரவேண்டிய எடத்துல வரலன்னாலோ ஒடனே சொல்லணும், இன்னா?" என்பார். நானும் பெரிய அதிகாரி மாதிரி தலையாட்டுவேன்.

எனக்குப் பூதம் என்றால் உள்ளூரப் பயம். ஒரு நாள் பயந்து ஓடும்போது, குளத்தின் வடக்குக் கரையில் மதிலுக்கும் பாறைக்கும் நடுவே ஓர் இடுக்கில் போய் நின்றேன். அங்கே பூதத்தால் வர முடியவில்லை. அங்கிருந்து தூண்டில் போட்டால் எவ்வளவு பெரிய மீனும் சிக்கியது. எனக்கோ கொண்டாட்டம். சொன்னால் அடைத்துவிடுவார் என்று வாயைத் திறக்கவில்லை. அவர் திரும்பும்போது மட்டும் வெளியே வந்து ஒப்புக்கு ஒரு பூதத்தோடு மல்லுக்கட்டுவேன். "எல்லாம் நல்லா இருக்குது சித்தப்பா" என்றேன். அவரும் நம்பினார்.

மார்கழியில் விளையாட்டை இணையத்தில் விற்பனைக்கு விட்டார். நாலாம் நாளே யாரோ ஒருவன் அந்த இடுக்கைக் கண்டுபிடித்து வீடியோ போட்டுவிட்டான். அப்புறம் வந்தவர்கள் எல்லாரும் அங்கேயே போய் நின்றார்கள். சப்பென்று இருக்கிறது, செய்தவன் ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தானா என்று எழுதினார்கள். சித்தப்பா கீழே சாப்பிடக்கூட வரவில்லை. தட்டு எடுத்துப் போன என்னிடம், "பூதம் வராத எடம் ஒன்னு இருந்துச்சாம். உன் கண்ல படவே இல்லியா?" என்று கேட்டார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

"இல்ல சித்தப்பா."

"நாந்தான் சரியா பாக்கல" என்று தன்னையே நொந்துகொண்டார். நான் தட்டை அங்கேயே வைத்துவிட்டுக் கீழே ஓடிவந்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன், ஓர் ஆட்டம் ஆடிப் பார் என்று கூப்பிட்டார். முகத்தில் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது. நான் பழக்கதோஷத்தில் நேரே வடக்குக் கரைக்குப் போனேன். மதிலை ஒட்டி நகர்ந்து, இடுக்கில் நுழைந்து, தூண்டில் போட்டேன். மீன் சிக்கியது. கூடவே தண்ணீரைப் பிளந்துகொண்டு பூதமும் வந்தது. நான் அலறிவிட்டேன்.

"இங்க எப்பவுமே வராது சித்தப்பா!"

அவர் என்னையே பார்த்தார். பிறகு லேப்டாப்பை மெதுவாக மூடினார்.

"சாப்டியா?"

"சாப்டேன்."

"சரி, கீழ போ."

போனவர்கள் யாரும் அந்த விளையாட்டுக்குத் திரும்பி வரவில்லை. தை பிறந்ததும் சித்தப்பா கடையில் உட்கார்ந்தார். சீர்வரிசைக் குடங்களில் பெயர் வெட்டிக்கொடுப்பது அவர் வேலை. இன்றும் தலைநிமிராமல் வெட்டிக்கொண்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் அங்கே ஐந்து நிமிடம் நிற்க முடிவதில்லை.

அன்று மாடிப்படி இறங்கும்போது எனக்கு அப்படி ஒரு நிம்மதி. அடி விழவில்லை, திட்டும் விழவில்லை, நைனாவிடம் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சித்தப்பாவுக்குக் கோபமே இல்லை என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னை மாடிக்குக் கூப்பிடவே இல்லை. விளையாட்டைச் செய்து முடித்துவிட்டார், அதனால்தான் கூப்பிடவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.