முழங்காலளவு யோர்தான்

சபையில் படம் வரைகிறவளுக்கு முதலாளி கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; ஞாயிற்றுக்கிழமை காலையில் எண்ணிப் பார்த்தால் இருநூறு பேர் இருப்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சர். பெங்களூர் பிரேசர் டவுனில் வேலை, லிங்கராஜபுரத்தில் வீடு, வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் சபை. உங்களில் யாராவது சபையில் கீபோர்டு வாசிக்கிறவராகவோ தமிழ் டைப் அடிக்கிறவராகவோ இருந்தால் என் பாடு சொல்லாமலே புரியும். ஒரு தடவை வாய் தவறி ‘எனக்கு வரும்’ என்று சொல்லிவிட்டால் போதும், ஆயுசுக்கும் அது நம் தலையில்தான். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குப் பின்திரை, ஈஸ்டருக்குத் தெர்மாகோல் கல்லறை, விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு நோவாவின் பேழை என்று பன்னிரண்டு வருஷமாக வரைந்துகொண்டிருக்கிறேன். பேழையில் ஒட்டகச்சிவிங்கி ஏன் ஒன்றுதான் இருக்கிறது என்று இன்னும் கேட்கிறார்கள். இன்னொன்றுக்கு அட்டையில் இடம் இல்லை.

இங்கே சொல்லப்போவதெல்லாம் போன வருஷம் வரைந்த ஒரே ஒரு சுவரைப் பற்றி. எங்கள் சபையில் சிலுவையைத் தவிர சிலை, படம் எதுவும் கிடையாது. பிரசங்க மேடைக்குப் பின்னால் முழுக்கு ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது. மற்ற நாட்களில் பலகை போட்டு மூடியிருக்கும். தொட்டிக்குப் பின்னால் இருக்கிற சுவர் ஓதம் பிடித்துப் பொரிந்து போயிருந்தது. நவம்பர் ஞானஸ்நானத்துக்கு முன்னால் அதைச் சுரண்டிப் பூசி, இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதியை வரைந்து கொடுங்கள் என்றார் பாஸ்டர்.

அந்த நவம்பரில் பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அதில் ஒருத்தி கிரேஸ். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபை வாலிபர்களைப் பிக்னிக் கூட்டிப் போனபோது, கனகபுரா தாண்டிக் காவேரிக் கரையில், அவளுடைய அண்ணன் சாமைத் தண்ணீர் கொண்டு போய்விட்டது. பதினேழு வயசு. அந்த நவம்பரில் கிரேஸுக்குப் பதினெட்டு ஆகியிருந்தது, யார் சம்மதமும் தேவையில்லை. ஆனாலும் அம்மா சரி என்று சொல்லாமல் தொட்டியில் இறங்க மாட்டேன் என்றிருந்தாள். அவள் அம்மா ஜெயராணி அக்கா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ரெயிலிங் போட்ட நதி

சுவருக்காகக் கமிட்டி கூடியது. செயலாளர் சாலமோன் அங்கிளுக்குப் பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். கரையில் நாலு தென்னை வேண்டும் என்றார். யோர்தானில் தென்னை கிடையாது அங்கிள் என்றேன். பேரீச்சை உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதானே என்று முடித்துவிட்டார்.

ஐடி கம்பெனியில் வேலை செய்யும் டேனியல் அப்போதுதான் பரிசுத்த பூமிக்குச் சுற்றுலா போய் வந்திருந்தார். நிஜ யோர்தானையே காட்டுகிறேன் என்று போனை நீட்டினார். கலங்கிய பழுப்புத் தண்ணீர். எங்கள் தெருவைவிடக் கொஞ்சம்தான் அகலம். கரையில் மரப்பலகை, ஸ்டீல் ரெயிலிங், அதைப் பிடித்துக்கொண்டு வெள்ளை அங்கியில் வரிசையாக ஜனங்கள். போன் கை மாறிக் கை மாறிப் போனது. எல்லாரும் பெரிதாக்கிப் பார்த்தார்கள். கடைசியில் சாலமோன் அங்கிள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடம் சொன்னார்:

“நிஜம் நமக்கு எதுக்கும்மா? நீ வேதத்துல இருக்கிற மாதிரி வரை.”

புறா பார்க்கும் திசை

மனித உருவம் கூடாது, ஆண்டவர் முகம் கூடவே கூடாது என்பது கட்டளை. பரிசுத்த ஆவிக்கு அடையாளம் என்பதால் புறாவுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. வானத்திலிருந்து இறங்குகிற மாதிரி ஒன்று வரைந்தேன், தலை லேசாக இடப்பக்கம் திரும்பி இருந்தது. எங்கள் சபையில் இடப்பக்கம் பெண்கள் உட்காருவார்கள், வலப்பக்கம் ஆண்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் டேனியல் வந்தார். கேலியா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம் அவருக்கு.

“புறா சிஸ்டர்ஸ் பக்கமே பாக்குதே சிஸ்டர், பிரதர்ஸ் பக்கம் ஆவியானவர் வரமாட்டாரா?”

தெரிந்த பாறை

புறாவை எடுத்துவிட்டு வெறும் வெளிச்சமாக வைத்துவிட்டேன். தொல்லை விட்டது. நதிதான் பாக்கி. நான் பிறந்து வளர்ந்தது பெங்களூரில். எனக்கு ஏரி தெரியும், சாக்கடைக் கால்வாய் தெரியும், நதி தெரியாது. என் போனில் இருந்த நதிப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. அந்தப் பிக்னிக் அன்று காலையில் எடுத்தவை.

வாலிபர்களோடு பெரியவர்களாகப் போன நாலு பேரில் நானும் ஒருத்தி. சாம் தண்ணீரில் போன நேரத்தில் நான் புளியோதரைப் பொட்டலம் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதை எப்படிச் சொன்னாலும் மாறப்போவதில்லை. அந்தப் படங்களைத் தெரியாமல் எடுத்து வைத்து வரைந்தேன் என்று சொன்னால் அது பொய். தண்ணீர் எல்லா இடத்திலும் தண்ணீர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். வலப்பக்கம் அகலமாக ஒரு பாறை, அதன் அடியில் கரும்பச்சையாக ஆழம். நன்றாக வந்தது. நான் இதுவரை வரைந்ததிலேயே நன்றாக வந்தது அதுதான். அந்தப் பெருமையும் எனக்கு இருந்தது, மறைக்கவில்லை.

ஜெயராணி அக்காவுக்குக் கார்மென்ட்ஸில் வேலை. சனிக்கிழமை மத்தியானம் சபையைப் பெருக்குவது அவர் முறை. அன்றைக்கு வந்தவர் விளக்குமாற்றோடு சுவருக்கு முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் வீட்டில் டிவிக்கு மேலே சாமின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. அந்தப் பாறைமேல் உட்கார்ந்து சிரிக்கிற படம். அடக்கம் முடிந்த வாரத்தில் என் போனிலிருந்து நான்தான் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருஷமாக அவர் தினம் பார்க்கிற பாறையை நான் சபையின் நடுவில் வரைந்து வைத்திருக்கிறேன்.

ஏணியிலிருந்து இறங்கி, இன்றைக்கே வெள்ளை அடித்துவிடுகிறேன் அக்கா என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. தொட்டி விளிம்பில் ஏறிப் பாறையைத் தொட்டுப் பார்த்தார். பெயின்ட் காயாமல் விரலில் ஒட்டியது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“அழிக்காதீங்க டீச்சர். தண்ணிய மட்டும் கொஞ்சம் இறக்குங்க.”

மூன்று சனிக்கிழமை

வரைந்த தண்ணீரை இறக்குவது சுலபமில்லை. படத்தில் ஆழம் என்பது இருட்டுதான். இருட்டின்மேல் வெளிச்சத்தைப் பூச வேண்டும், மணலைக் காட்ட வேண்டும், கூழாங்கல்லை ஒவ்வொன்றாக வைக்க வேண்டும். பாறையில் தண்ணீர் இருந்த மட்டத்துக்கு ஈரத்தடம் போட வேண்டும். எவ்வளவு இறக்க வேண்டும் என்று அக்காவிடம் நான் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவரே வந்து பார்த்துவிட்டு, தன் இடுப்பில் கையை வைத்துக் காட்டி, இன்னும் இவ்வளவு இருக்கு என்றார். அதற்கடுத்த சனிக்கிழமை தொடையில் கை வைத்துக் காட்டினார். அன்றைக்குத்தான், பெருக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், இவ்வளவுதான் இருந்திருந்தால் அவன் நின்றிருப்பான் என்றார். நான் இன்னொரு கூழாங்கல்லை வரைந்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. அடியில் கல்லெல்லாம் தெரிந்தது. அக்கா வெகுநேரம் பார்த்தார், கையால் எதையும் காட்டவில்லை. கிரேஸ் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

நடந்ததைப் பாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். சுவர் விஷயத்தில் டீச்சரை யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம் என்று அவர் கமிட்டியில் சொல்லிவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. காரணம் தெரியாத சாலமோன் அங்கிள் சுவரைப் பார்த்து நொந்து போனார். பேரீச்சை, வெளிச்சம், பாறை எல்லாம் சரி, நடுவில் நதி வற்றிப்போய்க் கிடந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? அவரைக் குறை சொல்ல முடியாது.

“ஏம்மா, இந்தத் தண்ணியில யாரு முழுக முடியும்? கால் கழுவலாம், அவ்வளவுதான்.”

டேங்கர்

ஞானஸ்நானத்துக்கு இரண்டு நாள் முன்னால் ஜெயராணி அக்கா எனக்குப் போன் செய்தார். தொட்டிக்கு எந்தத் தண்ணீர் நிரப்புவார்கள் என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. பெங்களூரில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தண்ணீர் இரண்டே வகை. குழாயில் வருவது காவேரி, டேங்கரில் வருவது போர், அதாவது போர்வெல் தண்ணீர். காவேரி வந்தால் சந்தோஷம், வராவிட்டால் போர் தண்ணீர். காவேரியா போரா என்று அக்கா மறுபடியும் கேட்டபோதுதான் அவர் எந்த நதியைச் சொல்கிறார் என்று விளங்கியது. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

பாஸ்டரிடம் சொன்னேன். சபையில் காவேரி கனெக்‌ஷன் இருக்கிறது, அந்த வாரம் தண்ணீர் நன்றாக வந்துகொண்டும் இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் சந்துக்குள் ஒரு டேங்கர் பின்பக்கமாக நுழைந்தது. ஸ்கூட்டர்காரர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். வாசல் குழாயில் வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. டேங்கர் டிரைவர் மஞ்சுநாத் கன்னடக்காரர், எங்களோடு பழகித் தமிழ் நன்றாகவே பேசுவார். வாளியைப் பார்த்தார், பாஸ்டரைப் பார்த்தார், ஹோஸைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டே கேட்டார்:

“குழாயில காவேரி இப்படி வருது, நீங்க போர் தண்ணி கேக்கறீங்க. ஏன் பாஸ்டரே, உங்க சாமிக்குக் காவேரி ஆகாதா?”

துண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் அக்கா சரி என்று சொல்லவில்லை. கிரேஸ் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு மற்ற பத்துப் பேரோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஆனால் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். முழுகி எழுந்து படியேறும்போது வீட்டு ஆள் ஒருவர் துண்டோடு நின்று போர்த்திக் கூட்டிப்போவது எங்கள் வழக்கம். கிரேஸ் எட்டாவது. ஏழாவது ஆள் ஏறி, துண்டு போர்த்தி, பாட்டும் முடிந்துவிட்டது. பாஸ்டர் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி அவள் பக்கம் பார்த்தார், பெயரைக் கூப்பிடவில்லை.

அப்போது பின்னாலிருந்து ஜெயராணி அக்கா நடந்து வந்தார். கையில் புதுத் துண்டு, கடை ஸ்டிக்கர்கூடப் பிரிக்கவில்லை. மகளைப் பார்க்காமல் நேராகப் போய்ப் படி ஓரத்தில் நின்றார். அதுதான் சம்மதம். கிரேஸ் எழுந்து போய் இறங்கினாள்.

எங்கள் போதனைப்படி உச்சந்தலை வரைக்கும் தண்ணீருக்குள் போக வேண்டும், ஒரு முடி வெளியே இருந்தாலும் முழுக்கு ஆகாது. விசுவாசிக்கிறாயா என்று பாஸ்டர் கேட்டார், விசுவாசிக்கிறேன் என்றாள். ஒரு கையை அவள் முதுகுக்குக் கொடுத்து, மறு கையால் அவள் கைகளைப் பிடித்தார். எனக்குச் சுவரைப் பார்க்கத் தைரியமில்லை, அதனால் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா துண்டை மார்போடு இறுக்கிக்கொண்டு தொட்டிக்குள் குனிந்தார். அவர் மெல்லத்தான் சொன்னார், ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது:

“சீக்கிரம் தூக்கிடுங்க பாஸ்டர்.”

கிரேஸின் உச்சந்தலை நனைந்ததா இல்லையா என்று கமிட்டியில் இன்றுவரை விவாதம் நடக்கிறது. நனையவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான், ஆனால் என்னிடம் கேட்டபோது எனக்குப் படம் வரைய மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டேன்.