சக்கரம் உட்கார்ந்த சந்து

அந்தக் குழாய்க்காரருக்குத் தெரு வைத்த பெயர் சக்கரம். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஓரிடத்தில் நிற்க மாட்டார். சோறுகூட நின்றபடிதான், கடைசிக் கவளம் வாயில் இருக்கும்போதே கால் செருப்பைத் தேடும்.

அவர் வீட்டையும் சேர்த்துப் பதினான்கு வீடுகளின் பின்வாசல் ஒரு சந்தில் திறக்கும். திறக்கும் என்பது பேச்சுக்கு. எல்லாரும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, குப்பையை மட்டும் சுவருக்கு மேலே வீசினார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர், துணி துவைத்த தண்ணீர் எல்லாம் அங்கேதான் விழும். விழ வைத்தவர் சக்கரமேதான். சாக்கடை வரை குழாய் இழுக்க அரை நாள். சுவரில் ஓட்டை போட்டு வெளியே நீட்ட அரை மணி. அடுத்த வீட்டு வேலை காத்திருக்குமே!

அந்தத் தண்ணீரில் படர்ந்த பாசியில்தான், குறுக்கு வழியாக வேலைக்குப் போன அவர் பெண்டாட்டி வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டாள். அவள் வேலை பார்த்த தையல் கூடம் சந்தின் மறுமுனையில், கூப்பிடு தூரம். பெரிய ரோடு வழியாகப் போனால் லாரிகளுக்கு நடுவே இரண்டு முறை கடக்க வேண்டும். கைத்தடியோடு நடக்கிற காரியமா? தையல் கூடத்துக்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லியனுப்பினாள்: "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கு வரலேன்னா மெஷின வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்."

அதைக் கேட்டு அடுத்த வீட்டு மளிகைக்கடைக்காரி முந்தானையை இழுத்துச் செருகினாள். கால் ஒடிந்த கட்டில்களும் மக்கிய மூட்டைகளும் வெளியேறின. பின்வாசல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கல் பதித்து, சுவருக்கு வெள்ளை அடித்து, இரண்டு பெஞ்சும் போட்டார்கள். மிச்சம் குழாய்கள்.

"நீங்க போட்ட ஓட்ட, நீங்களே அடைங்க அண்ணே" என்றாள் மளிகைக்கடைக்காரி.

"அடைக்கிறேம்மா. நின்னு பேச நேரமில்ல."

"நீங்க என்னிக்கு நின்னீங்க?"

ஒரு வாரம் சக்கரம் சாப்பாட்டையும் மறந்து வீடு வீடாக ஓடினார். ஞாயிறு சாயங்காலம் சந்து உள்ளங்கை போலக் காய்ந்து கிடந்தது. அப்போதும் இருப்புக் கொள்ளாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். எதையோ விட்டுவிட்ட மாதிரி மனசு அரித்தது, எதுவென்றுதான் பிடிபடவில்லை.

திங்கட்கிழமை எட்டரை மணிக்குப் பெண்டாட்டி பின்வாசலைத் திறந்து தடியை ஊன்றினாள். உள்ளே சக்கரத்தின் அக்கா, துணி ஊறிய தொட்டியைக் கவிழ்த்தாள். வாசலுக்குப் பக்கத்துச் சுவரிலிருந்து சோப்புத் தண்ணீர் பொளக்கென்று கொட்டியது.

பதின்மூன்று வீட்டுக் குழாயைச் சாக்கடைக்குத் திருப்பியாயிற்று. கூப்பிட்ட வீட்டுக்குத்தான் போய்ப் பழக்கம். அவர் வீட்டில் அவரை யார் கூப்பிட்டது?

ஈரத்தைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஏங்க, என்னால முடியாது. உள்ள போயிடறேன்."

பின்னாலேயே வந்த சக்கரம் யோசிக்கவில்லை. தடாலென்று தரையில் உட்கார்ந்து, குழாய் வாயில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். மறுகையால் தோள்துண்டை உருவி, கல்லைத் துடைத்தார்.

"இப்பப் போ. நான் அசைய மாட்டேன்."

"நீங்களா? அசையாமலா?"

"போடி, மணி ஆவுது!"

அவள் தடியை ஊன்றி ஊன்றி நடந்தாள்.

"அடியே, ஓடி வாங்க! சக்கரம் உக்காந்துட்டாரு!" என்று மளிகைக்கடைக்காரி கூவ, எல்லாப் பின்வாசலிலும் தலைகள் முளைத்தன. பெண்டாட்டிக்கும் குறும்பு வந்துவிட்டது. பெஞ்சுக்குப் பெஞ்சு நின்று நலம் விசாரித்தாள். இங்கே இவருக்குத் தொடை துடித்தது, கால் விரல்கள் தானாக ஆடின.

"தம்பி, தண்ணி இங்க திரும்புதுடா! அடுப்படி முங்குது!" என்று அக்கா உள்ளிருந்து கத்தினாள்.

"முங்கட்டும்க்கா."

சந்தின் கோடியில் தடிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தையல் மெஷின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. அது அவள் மிதிதானா என்று காதைத் தீட்டி, நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே அவர் கையை எடுத்தார்.