முன்சீட்டு ராசி

போன வாரம் தம்பி மகன் தன் புதுக் காரின் முன்சீட்டில் ஒரு பண்ருட்டிப் பலாப்பழத்தை வைத்துவிட்டு, எனக்குப் பின்கதவைத் திறந்துவிட்டான். வண்டியைக் கிளப்பியதும் கீங் கீங் என்று ஒரே கத்தல். "வெயிட்டு இருந்தா ஆளுன்னு நெனச்சிக்கும் அத்த. பெல்ட்டு மாட்டுனாத்தான் வாய மூடும்" என்றான். நான் பழத்தைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தேன். முன்சீட்டை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, பலாப்பழமே ஆனாலும்.

மூடிய காருக்குள் எந்த விளைச்சல் மணத்தாலும் எனக்கு ஒரு பழைய காரின் மல்லாட்டை வாசனை வந்துவிடும். மல்லாட்டை என்றால் எங்கள் பக்கம் வேர்க்கடலை; எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் டைப்பிஸ்டாக இருந்தேன். குயிலாப்பாளையம் பக்கம் தனியாக வசித்த ஒரு வெள்ளைக்காரர் ஊர் திரும்பும்போது தன் அமெரிக்கக் காரை எங்கள் முதலாளிக்கு விற்றுவிட்டுப் போனார். படகு போல நீளம், ஸ்டியரிங் இடது பக்கம். முதலாளி முதல் வேலையாக ஊதா ரெக்சினில் சீட் கவர் தைத்தார். பெல்ட்டெல்லாம் கவருக்கு அடியில் போயிற்று. நாமென்ன விமானமா ஓட்டுகிறோம் என்று நானும்தான் சிரித்தேன்.

செவ்வாய்தோறும் விழுப்புரம் கிளைக்குப் போவோம். மண்டிக்கு இருந்தது ஒரே டைப்ரைட்டர், ஆட்டுக்கல் கனம். அது என் காலடியில். முதலாளி பின்சீட்டில். அவர் பக்கத்தில் வயசுப்பெண் உட்காரக் கூடாதென்று எனக்கு முன்சீட்டு. நான் ஏறி உட்கார்ந்தால் கார் கிளம்பாது. சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் வராது. நான் இறங்கி நின்றால் உடனே உறுமும். இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டு டிரைவர் அண்ணன் ஒரு வழக்கம் வைத்தார். வண்டி கிளம்பும்வரை நான் தெருவில் நிற்க வேண்டும், கிளம்பிய பிறகு ஓடிப்போய் ஏற வேண்டும். கடைவீதியே வேடிக்கை பார்க்கும். எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையாக, காரின் கோளாறை என் தலையில் கட்டி, ராசியில்லாதவள் என்று பேரும் வைத்தார்கள். அந்தப் பேர் மண்டியைத் தாண்டினால் என் வேலை போகும். பிறகு வீட்டில் உட்கார்ந்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்கு பஜ்ஜி சுட வேண்டியதுதான். எனக்கு பஜ்ஜியும் சரியாக வராது.

ஒரு செவ்வாய், விழுப்புரத்துக்கு முன்னால் ரயில்வே கேட் போட்டுவிட்டார்கள். பெட்ரோல் மிச்சம் என்று அண்ணன் இன்ஜினை நிறுத்தினார். ரயில் போனது, கேட் திறந்தது, கார் கிளம்பவில்லை. பின்னால் பஸ்களும் லாரிகளும் ஹாரன் அடிக்கின்றன.

"ஜல்தி எறங்கும்மா" என்றார் அண்ணன்.

"ஒன்னோட பெரிய பேஜாரா கீது. அடுத்த வாரத்துலேர்ந்து நீ வரவே வாணாம். வேற ஆள் பாத்துக்கறேன்" என்றார் முதலாளி.

வந்த கோபத்தில் இறங்கி, டைப்ரைட்டரைத் தூக்கிச் சீட்டின்மேல் வைத்து, பில் புத்தகக் கட்டையும் அதன்மேல் போட்டேன். அண்ணன் சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினார். ஊஹும்.

"ஏண்ணே, மிஷினுக்கும் ராசி இல்லியா?"

நான் மிஷினைத் தூக்கிக் கீழே வைத்தேன். அண்ணன் சாவியைத் திருப்பினார், கார் உறுமியது. இன்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு சீட்டுக்கு அடியில் தலையை விட்டேன். ஒரு வயர் சீட்டுக்குள்ளிருந்து வந்து பிளக்கில் மாட்டியிருந்தது. டிரைவர் பக்கமும் அதே வயர்தான், ஆனால் பிளக்கைப் பிடுங்கி டேப் சுற்றியிருந்தது. வெள்ளைக்காரர் தனி ஆள், தன் பக்கத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பெல்ட் மாட்டாமல் ஆள் உட்கார்ந்தால் கிளம்பாதபடி அந்த நாட்டில் சில காலம் கார் செய்தார்களாம். அது பிறகு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்தது கனம் ஏறினால் கிளம்பாது என்பது மட்டும்.

அந்த பிளக்கை அப்போதே பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை.

"மொதலாளி, ஒரே ஒரு வாட்டி முன்னாடி ஒக்காருங்க. வண்டி எடுத்துட்சுன்னா நான் இப்பிடியே பஸ் ஏறி ஊட்டுக்குப் போயிடறேன்."

"தமாஷ் பண்றியா?"

"ஒக்காருங்க."

ஹாரன் தொல்லை தாங்காமல் வந்து உட்கார்ந்தார். அண்ணன் திருப்பினார். திருப்பினார். திருப்பிக்கொண்டே இருந்தார். கேட்டில் வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மா கூடையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"யோவ், நீ எறங்குயா! அந்தப் பொண்ணு ஒக்காரட்டும், வண்டி போவட்டும்."

லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. முதலாளி இறங்கிப் பின்சீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பிடுங்கினேன். மன்னிப்பெல்லாம் யாரும் கேட்கவில்லை. அடுத்த செவ்வாய் எல்லோருக்கும் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்ப எடுங்கண்ணே" என்றேன்.

போன வாரம் பலாப்பழத்தோடு அந்த வழியாகப் போனபோது அந்த இடத்தைத் தேடினேன். கேட் இல்லை, மேலே பாலம் போகிறது. கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். "பாலத்து மேல நிறுத்தக் கூடாது அத்த" என்றான் பையன். ஊதா சீட் கவர் போட்ட கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது, மண்டி கல்யாண மண்டபமாகிவிட்டது, முதலாளியும் இல்லை, வெள்ளரிப் பிஞ்சு அம்மாவும் இல்லை. என்னை இறங்கச் சொன்ன இடமே இல்லை. நான் முன்சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன்.