களிமண் ஜாக்கெட்

ஆபரேஷனுக்குப் பிறகு என் ஜாக்கெட்டெல்லாம் க்ளோஸ் நெக் ஆகிவிட்டன. பித்தப்பையில் கல் என்று தெருவுக்குச் சொல்லியிருந்தோம். பித்தப்பைக்கும் கழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று மில்லர்புரத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. இடது மார்பை எடுத்துவிட்டார்கள் என்பது வீட்டுக்கு வெளியே ஒருத்திக்குத்தான் தெரியும். கல்லூரியிலிருந்தே என் சிநேகிதி. மதுரை ஆஸ்பத்திரியில் நான் வாந்தியெடுத்தபோதெல்லாம் வாளி பிடித்தவள்.

சட்டை, பாவாடை, ஜாக்கெட் எல்லாவற்றையும் களிமண்ணில் செய்து சூளையில் சுடுகிறவள் அவள். உள்ளே ஆள் இருக்காது. ஆனால் ஆள் போட்டிருக்கிற மாதிரியே உடுப்பு நிற்கும். மொட்டைமாடியில்தான் வேலை. துறைமுகத்து நிலக்கரித் தூசி படியாமலிருக்க, காய்கிற மண்மேல் பழைய சேலைகளைப் போர்த்தி வைத்திருப்பாள்.

ஜாக்கெட்டுக்கு ஓர் ஆள் வேண்டும், நீ வா என்றாள். உடுத்திய உடம்பின்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கைச் சுற்றி, சப்பாத்தி மாதிரி தேய்த்த மண்ணை அதன்மேல் போர்த்துவாள். கொஞ்சம் விறைத்ததும் கழற்றிவிடலாம்.

"ஏளா, உள்ள வச்சிருக்க பஞ்சை எடுத்துரு. மண்ணு பாரத்துல நசுங்கிரும். அந்தப் பக்கத்துக்கு நான் பொறவு பேப்பரைக் கசக்கி வச்சு சரிபண்ணிருதேன்" என்றாள்.

யார் முன்னாலும் எடுக்காததை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மண் ஜில்லென்றிருந்தது. இரண்டு பேரும் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டேயிருந்தோம்.

பழைய உப்புக் கிடங்கு ஒன்றில் கண்காட்சி வைத்தாள். எங்கள் கோயில் பாடகர் குழுப் பெண்களை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். என் ஜாக்கெட்டும் அங்கே இருக்கிறது, எது என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்று வேனில் வம்பு வேறு. கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு நாங்கள் எல்லாரும் ஒரே சேலை, ஒரே ஜாக்கெட். கழுத்து மூடித் தைத்திருப்பது நான் மட்டும்தான்.

உள்ளே போனதுமே கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூடிய கழுத்து. வலது பக்கம் நிறைந்திருந்தது. இடது பக்கம் தட்டையாக, சுருங்கி, உள்ளே விழுந்து கிடந்தது. அந்தப் பக்கத்துக்கென்றே ஒரு விளக்கும் போட்டிருந்தாள். எங்களோடு வந்திருந்த எதிர்வீட்டு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சிநேகிதியைத் தனியே இழுத்துப்போய், "பேப்பர் வைக்கலையா?" என்று கேட்டேன்.

"வச்சேன். வச்சா பொய்யாத் தெரிஞ்சுது, எடுத்துட்டேன். இப்பதான் அதுல உசுரு இருக்கு. எத்தன பொம்பளைக்கு இது தைரியம் குடுக்கும் தெரியுமா? உன் பேரை எங்கனயும் போடலையே."

"என் கழுத்தைப் போட்டிருக்கியே."

அவள் வந்தவர்களைப் பார்க்கத் திரும்பினாள். வருத்தப்பட்ட மாதிரியும் தெரியவில்லை. என் உடம்பை வைத்து ஊருக்குத் தைரியம் கொடுக்க இவள் யார்? கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றுகூடச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே. மதுரையில் வாளி பிடித்த நாளிலேயே என்னை அளந்து வைத்துக்கொண்டாளோ என்று தோன்றியது. அப்படியொரு நினைப்பை எனக்குள் வரவைத்ததற்காகவே அவளை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் புதுச் சேலை கட்டிப் போனேன். வழக்கமாக, பாட்டு ஆரம்பிக்குமுன் ஆளாளுக்கு முந்தானையைப் பிடித்து இழுத்து, எந்தக் கடை, என்ன விலை என்று என்னைப் பிய்த்து எடுப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் சேலையைப் பார்க்கவில்லை. எல்லாரும் என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசினார்கள், கண்ணைக் கீழே இறக்காமல், அவ்வளவு கவனமாக.