இரண்டு சவுண்ட் கார்டும் ஒரு முரளியும்

கடைத்திறப்பு, கோயில் திருவிழா என்று ஆட்டோவில் ஒலிக்கும் விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பது என் தொழில். திருவிடந்தை முரளிக்கும் அதே தொழில்தான். ஆனால் திருக்கழுக்குன்றத்தில் என் தெருவிலேயே அவன் குரல்தான் வலம் வருகிறது.

குரலைக் கணினியில் பதிவு செய்ய அவன் ஒரு சவுண்ட் கார்டு வாங்கியதாகக் கேள்விப்பட்டதும் நான் இரண்டு வாங்கிச் செருகினேன். அன்றிலிருந்து எதைப் பதிவு செய்தாலும் நடுநடுவே ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம்.

எல்லா ஒயரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, இன்று வேறு வழியில்லாமல் அவனையே கூப்பிட்டேன். இரண்டு நிமிடம் பார்த்தான்.

“இன்னா மச்சான், மைக்கு ஒரு கார்டுல கீது, ஹெட்போன் இன்னொண்ணுல கீது. ரெண்டும் ஒரே வேகத்துல ஓடாது. அந்த வேகம் தவறுற எடத்துலதான் டிக்குன்னுது. ரெண்டையும் ஒரே கார்டுல குத்து.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான். இன்னாத்துக்கு ரெண்டு வாங்குன?”

அவனுக்கு டீ கொடுத்தேன்.

அவன் போனதும் பதிவு செய்து கேட்டேன். ஒரு டிக் கூட இல்லை. என் குரல் மட்டும்தான் இருந்தது.

அந்தச் சத்தத்தால்தான் வேலை வரவில்லை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். வேறு நல்ல காரணம் தெரிந்தால் கமென்ட்டில் போடுங்கள்.

முரளி, நீ போடாதே.